தவமணியின் வலது கால்

என் அறையில் ஒரு பெண் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கிறாள். பெயர் தவமணி. இடது கால் தரையில் இருக்கிறது. வலது கால் பேருந்துப் படிக்காகத் தூக்கியபடி இருக்கிறது. பேருந்து இல்லை. கைப்பிடிக் கம்பி மட்டும் இருக்கிறது. அது கூரையிலும் சேரவில்லை, தரையிலும் ஊன்றவில்லை. அவள் பிடித்திருப்பதால் நிற்கிறது.

அவளைப் பற்றி ஒரு கதை ஆரம்பித்திருந்தேன். "தவமணி ஓடிவந்து கம்பியைப் பிடித்து வலது காலைத் தூக்கி" என்பது வரை எழுதினேன். அதற்கு மேல் வரவில்லை. பேனாவை மூடிவிட்டுத் திரும்பினால் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நிற்கிறாள்.

நான் இருப்பது வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி. ஓர் அறைக்கு ஓர் ஆள் என்பது விதி. வார்டன் பெர்னதெத் அக்கா வந்து குனிந்து தவமணியின் பாதங்களைப் பார்த்தார்.

"விசிட்டரா?"

"நான் எழுதற கதையில வர்றவங்கக்கா."

"ரெண்டு காலும் தரையில பட்டாத்தான் விசிட்டர் கணக்கு. இது இன்னும் வரல. நிக்கட்டும்."

"எப்ப வருவாங்க?"

"அத நீதான் சொல்லணும். எழுத்தாளர்னு கதவுல போர்டு மாட்டியிருக்கியே."

நான் எந்தப் போர்டும் மாட்டியதில்லை. கதவைப் பார்த்தேன். மாட்டியிருந்தது.

தவமணிக்கு என்மேல் மரியாதை கிடையாது.

"ஏண்டி பொற்கலை, நீ படிச்சவதானே?"

"எம்.ஏ.க்கா."

"எம்.ஏ. படிச்சவளுக்கு ஒரு வரிய முடிக்கத் தெரியாதா? கெண்டக்கால் கல்லாட்டம் ஆயிடுச்சு."

"உத்வேகம் வரலக்கா."

"அது யாரு?"

"அது வந்தாத்தான் எழுத முடியும்."

"எந்த பஸ்ல வருது?"

எனக்குத் தெரியாது. அதிகாலையில் எழுந்து உட்கார்ந்தால் வரும் என்றார்கள். உட்கார்ந்தேன். கொசு வந்தது. ஜன்னலோரம் காப்பிக் கோப்பையுடன் உட்கார்ந்தால் வரும் என்றார்கள். என் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவறைக் குழாய். அதைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தேன். காப்பி தீர்ந்தது.

தவமணியின் இடது கையில் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. முந்தின வரியில் நான் எழுதிக் கொடுத்ததுதான். சின்னச் சின்ன விவரம் இருந்தால் கதைக்கு உயிர் வரும் என்று எழுத்துப் பட்டறையில் சொன்னார்கள். டப்பாவில் தயிர்சாதம். அது புளித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு மூச்சுவிட்டது. கதைக்கு வராத உயிர் அதற்கு வந்துவிட்டது.

ஒருநாள் காலை பெர்னதெத் அக்கா மறுபடி வந்தார். முகம் சரியில்லை.

"சாயங்காலத்துக்குள்ள இவங்க கால கீழ வெச்சாகணும். இல்லன்னா மௌனசீலன் ஐயாகிட்ட ஒப்படைக்கச் சொல்லிட்டாங்க."

பாதியில் விடப்பட்டவர்களை மௌனசீலனிடம் ஒப்படைப்பது எங்கள் ஊர் வழக்கம். அவர் பெரிய எழுத்தாளர். எந்தக் கதையையும் முடித்துக் கொடுப்பார். அவரிடம் ஒரு கிணறு இருக்கிறது. எல்லாப் பெண்களும் கடைசிப் பத்தியில் அதில் விழுகிறார்கள். விமர்சகர்கள் அந்தக் கிணற்றைப் படிமம் என்கிறார்கள். விழுந்தவர்களைக் கேட்டால் தண்ணீர் என்பார்கள். யாரும் கேட்பதில்லை.

என் அப்பாவையும் அவர்தான் முடித்தார். அப்பாவுக்குக் கரும்புச்சாறு வண்டி. உருளையில் ஒருநாள் கரும்போடு வலது கட்டைவிரலும் போய்விட்டது. எழுத்துப் பட்டறையில் மௌனசீலன் எங்களையெல்லாம் கண்ணை மூடச் சொல்லி, "உங்கள் வலியைச் சொல்லுங்கள்" என்றார். நான் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது அவர் அதைக் கதையாக எழுதி, பரிசு வாங்கி, பொன்னாடையையும் மடித்து வைத்திருந்தார்.

கதையில் அப்பா மண்ணைப் பற்றி அழகாகப் பேசுகிறார். என் அப்பா மண்ணைப் பற்றிப் பேசியதே இல்லை. ஐஸ் விலையைப் பற்றித்தான் பேசுவார். கடைசிப் பத்தியில் அப்பா இறந்துவிடுகிறார்.

அடுத்த மாதம் ரேஷன் கடையில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அப்பா உயிரோடுதான் இருக்கிறார். மாதா மாதம் போய் வரிசையில் நிற்கிறார். "கதையிலதான் செத்துட்டீங்களே பெரியவரே" என்கிறார் கடைக்காரர். மெஷினில் வலது கட்டைவிரல் ரேகையை வைத்தால் உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொள்வார்களாம். கட்டைவிரல் கதையில் இருக்கிறது.

தவமணிக்கு இதெல்லாம் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன்.

"அந்தாளுகிட்ட என்னைக் குடுத்த, கிணத்துக்குள்ளேருந்து வந்து உன்னைக் கடிப்பேன்" என்றாள்.

பெர்னதெத் அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். "பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல மண்டபத்துல இன்னிக்கு உத்வேகப் பந்தி நடக்குது. போய்ச் சாப்பிட்டுட்டு ஓடியா. வந்து அந்த வரிய முடி."

நான் கிளம்பும்போது தவமணி டிபன் பாக்ஸை நீட்டினாள். பேருந்தில் நிற்பவர்கள் உட்கார்ந்திருப்பவர்களிடம் பையைக் கொடுப்பார்களே, அப்படி.

"இதப் புடி. கை வலிக்குது. பத்திரமாக் கொண்டாந்து குடு."

மண்டப வாசலில் பன்னீர் தெளித்தார்கள்.

"மழைன்னு நினைச்சுக்குங்க" என்றார் தெளித்தவர். "எழுத்து தானா வரும்."

"மழைன்னா எங்க வீட்ல ஒழுகற இடத்துக்கெல்லாம் குண்டான் வைப்போம்."

"அடடா" என்று இன்னும் கொஞ்சம் தெளித்தார்.

அடுத்தது மொய் மேசை. கல்யாண வீடு போலவேதான். ஒருவர் மொய் வாங்கி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் காசிலிங்கம் என்று சட்டையில் தைத்திருந்தது. தோளில் தோல் பை. காதில் பேனா.

"எந்த வீட்டு எழுத்தாளர்?"

"எங்க வீட்டு எழுத்தாளர்தான்."

"அதில்லம்மா. உங்க வீட்ல யாரு எழுதினது? தாத்தாவா? பெரியப்பாவா?"

"யாரும் எழுதல. கையெழுத்தே போடத் தெரியாது. ரேகைதான்."

"அப்புறம் நீ எப்படி எழுத்தாளர்?"

"நான் படிச்சேன்."

"சரி, அது உன் கஷ்டம். மொய் என்ன?"

"பணமா?"

"பணம் யாருக்கு வேணும்? துக்கம்."

உள்ளே இன்னொரு ஒலிபெருக்கி எனக்கு முன்னால் போனவர்களை அறிவித்துக்கொண்டிருந்தது. பேராசிரியர் வீட்டார், பால்யகாலத் தனிமை ஒன்று, மாடியறையில். டாக்டர் வீட்டு இளையவர், காதல் தோல்வி ஒன்று, மலைவாசஸ்தலத்தில். ஒவ்வொன்றுக்கும் நாதஸ்வரம் ஒரு முறை முழங்கியது.

"எங்கப்பாவோட கட்டைவிரல்" என்றேன்.

காசிலிங்கம் உதட்டைப் பிதுக்கினார். "அது வந்துடுச்சேம்மா. மௌனசீலன் ஐயா வெச்சுட்டாரு."

"அது எங்கப்பாவோடது."

"இருக்கட்டும். மொய்ய யாரு வெக்கிறாங்களோ அவங்க பேர்லதான் படிப்போம். யாரோட வீட்லருந்து வந்துச்சுன்னு கேக்குறதில்ல. வேற என்ன இருக்கு?"

"கோபம் இருக்கு."

"கோபம் வாங்குறதில்ல. மத்த துக்கத்தோட வெச்சா எல்லாம் கெட்டுப்போவுது. கையில என்ன?"

"டிபன் பாக்ஸ்."

பிடுங்கித் திறந்தார். முகர்ந்தார். கண்களை மூடிக்கொண்டார்.

"ஐயா, அது என்னோடது இல்ல. பத்திரமாத் திருப்பிக் குடுக்கணும்."

அதற்குள் ஒலிபெருக்கி சொல்லிவிட்டது. "பொற்கலை, முதல் தலைமுறைப் பட்டதாரி. உழைக்கும் பெண்ணின் புளித்த சோறு, ஒரு டப்பா!" நாதஸ்வரம் இரண்டு முறை முழங்கியது. முன் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுச் சோற்றுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை. டப்பா சமையல்கட்டுக்குப் போய்விட்டது.

மேடையில் மாப்பிள்ளை நாற்காலியில் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் உட்கார்ந்திருந்தார். பெண் நாற்காலியில் இன்னொரு ஒலிபெருக்கி. "முடியும் என்றால் முடியும்" என்றார். கூட்டம் அட்சதை போட்டது. "முடியாது என்றாலும் முடியும்" என்றார். மறுபடி அட்சதை. அவர் மடியில் அரிசி குவிந்திருந்தது. எங்கள் வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு வரும்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு நடைவழி இருந்தது. நடக்க நடக்க நீண்டது. சுவர் முழுக்கப் பொன்னாடை போர்த்தும் படங்கள். எல்லாப் படத்திலும் ஒரே ஆள்தான் பொன்னாடையோடு நிற்கிறார். போர்த்துபவர்களுக்கு மட்டும் வயதாகிக்கொண்டே வந்தது. கடைசிப் படத்தில் போர்த்துவது நான். நான் அப்படிச் செய்ததில்லை. படத்தில் சிரித்துக்கொண்டு வேறு இருந்தேன். படத்தைத் திருப்பி வைத்துவிட்டு நடந்தேன்.

கூடம் நிறைந்திருந்தது. நீள நீளமாக மேசைகள், இலைகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

பந்தியில் இடம் பிடிப்பது எப்படி என்று சொல்லித்தர வேண்டியதில்லை. சாப்பிடுகிறவருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொள்ள வேண்டும். அவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்க்க வேண்டும். அவர் இலையை மடித்து எழுந்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். மடித்த இலையை யாரும் பிரிக்க மாட்டார்கள். அதுதான் ஒரே சட்டம்.

இங்கே யாரும் மடிப்பதாக இல்லை.

ஒரே ஒரு நாற்காலிக்குப் பின்னால்தான் ஆள் இல்லை. போய் நின்றேன். பக்கத்து நாற்காலியைப் பிடித்து நின்றவருக்கு முழுக்க நரைத்திருந்தது. சட்டையில் "இளம் எழுத்தாளர்" என்ற பட்டை.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?"

"இல்லையே, இப்பத்தான். நான் வந்தப்ப இவரு மோருக்கு வந்துட்டாரு. எனக்கு முடி கறுப்பா இருந்துச்சு."

"அப்புறம்?"

"திரும்ப சாம்பார் கேட்டுட்டாரு."

"நீங்க எதுவும் கேக்கலியா?"

"சாப்பிடறவங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதுல்ல?"

"இங்க நின்னவர் எங்க?"

"நேத்து ரிடையர் ஆயிட்டாரு."

என் நாற்காலியில் இருந்தவர் திரும்பாமலே பேசினார். "யாரு, பொற்கலையா? மூச்சு விடறதுலயே தெரியுது. இவ்வளவு கோபமா மூச்சு விடக் கூடாதும்மா. நடைய பாதிக்கும்."

மௌனசீலன். நான் அவர் தோளுக்கு மேலாக இலையைப் பார்த்தேன். இடது ஓரத்தில் உப்பு. அதையடுத்து ஊறுகாய். அதையடுத்து என் அப்பாவின் கட்டைவிரல்.

எனக்கு அடையாளம் தெரியும். கரும்புத் தோல் கீறிய கோடு. என்ன தேய்த்தும் போகாத கறுத்த நகம். அவர் அதைத் தின்னவில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் அதை எடுத்து ஒரு தரம் நாக்கில் தொட்டுக்கொண்டு திரும்ப வைத்தார்.

"ஐயா, சீக்கிரம் சாப்பிடுங்க. எனக்கு ஒரு வரி பாக்கியிருக்கு."

"அவசரமே படக் கூடாது. எழுத்துங்கறது தவம்."

"தவமணி நிக்கிறா."

"அவளக் கொண்டாரச் சொல்லிட்டேனே. ஒற்றைக் காலில் நிற்கும் பெண். எவ்வளவு பெரிய படிமம்!"

"படிமம் இல்லங்கய்யா. அவ பஸ் ஏறப் போறா."

"எங்க போறதுக்கு?"

நான் எழுதிய வரியில் ஊர்ப் பெயர் இல்லை.

"பாத்தியா, உனக்கே தெரியல. எனக்குத் தெரியும்."

"எங்க?"

"கிணத்துக்கு" என்று கையை நக்கிக்கொண்டார்.

பரிமாறுபவர் வாளியோடு வந்தார். வெள்ளையாக, நுரைத்த தயிர்சாதம். தாளித்திருந்தார்கள். மௌனசீலன் ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடினார். "ஆஹா, வலி! கொடுத்து வெச்சவங்கம்மா நீங்கள்லாம். உங்களுக்கு வீட்லயே கிடைக்குது. நாங்க எவ்வளவு தூரம் அலைய வேண்டியிருக்கு தெரியுமா?"

நான் பரிமாறுபவரின் கையைப் பிடித்தேன். "உத்வேகம் எப்பங்க வரும்?"

"இதான் உத்வேகம்."

"இது எங்க சோறு."

"வாசல்ல மொய் வெக்கிறீங்கல்ல? அதத்தான் தாளிச்சு எடுத்தாறோம். பின்ன வானத்துலருந்தா வரும்?"

அப்போது பெர்னதெத் அக்காவும் மூன்று விடுதிப் பெண்களும் தவமணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். கம்பியோடு. மேசைமேல், மௌனசீலனின் இலைக்கு எதிரே நிறுத்தினார்கள்.

"என்னக்கா, சாயங்காலம்னுதானே சொன்னீங்க?"

"சாயங்காலம் ஆயிடுச்சும்மா. நடைவழியில நீ ரொம்ப நேரம் நடந்துட்ட" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார் பெர்னதெத் அக்கா.

மௌனசீலனின் வலது கை சோற்றில் இருந்தது. இடது கையால் பேனாவை எடுத்தார். இடது கை என்றால் எழுத்து இன்னும் கலைநயமாக வரும் என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். மேசையில் காகிதத்தை விரித்து வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார்.

"தவமணி ஓடிவந்து கம்பியைப் பிடித்து வலது காலைத் தூக்கி, கிணற்றின்..."

தவமணியின் பாதத்துக்குக் கீழே மேசை ஈரமானது. பாசி வாடை அடித்தது.

"அடியே பொற்கலை!" என்று கத்தினாள் தவமணி. "வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறியே!"

"உத்வேகம் இன்னும் வரலக்கா..."

"உத்வேகத்துல இடி விழ! என் டிபன் பாக்ஸ் எங்கடி?"

நான் இலையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"என் சோத்த அந்தாளு திங்கிறான். நீ அவன் நாற்காலியப் புடிச்சுக்கிட்டு நிக்கிற!"

என் கையைப் பார்த்தேன். நாற்காலி முதுகில் இருந்தது. கல்லூரி நூலகத்திலும் அது இப்படித்தான் இருந்தது. கருத்தரங்குகளில், புத்தக வெளியீடுகளில், நேர்முகத் தேர்வுகளில். யாராவது எழுந்தால் உட்காரலாம் என்று. யாரும் சொல்லித்தரவில்லை. கை தானாகக் கற்றுக்கொண்டது.

மேசையில் ஈரம் தவமணியின் கணுக்கால் வரை ஏறிவிட்டது.

நான் கையை எடுத்தேன். மௌனசீலனின் தோளுக்கு மேலாக நீட்டினேன். முதலில் அப்பாவின் கட்டைவிரலை எடுத்தேன். பிறகு இலையின் மேல்பாதியைப் பிடித்துக் கீழ்ப்பாதிமேல் மடித்தேன். அவருடைய வலது கை உள்ளே மாட்டிக்கொண்டது. அழுத்தினேன். தயிர் ஓரத்தில் பிதுங்கியது.

நாதஸ்வரம் நின்றுவிட்டது. கூடம் முழுக்க எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"நான் இன்னும் மோருக்கே வரல" என்றார் மௌனசீலன்.

"இலை மடிஞ்சிடுச்சுங்கய்யா" என்றார் பரிமாறுபவர். "கை கழுவிக்குங்க."

"நான் மடிக்கலயே!"

"யாரு மடிச்சாங்கன்னு நாங்க கேக்குறதில்லங்கய்யா."

மௌனசீலன் எழுந்தார். சட்டம் அப்படி. பேனாவை வைத்துவிட்டு, தயிர் வழியும் கையைத் தூக்கிப் பிடித்தபடி கை கழுவும் இடத்துக்குப் போனார். அங்கே குழாய்கள் வரிசையாகக் கண்ணுக்கெட்டும் தூரம் வரை இருந்தன. ஒவ்வொன்றாகத் திருகினார். எதிலும் தண்ணீர் வரவில்லை. தவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே அடுத்த குழாய்க்குப் போனார்.

இளம் எழுத்தாளர் என்னை வெறித்துப் பார்த்தார்.

"இப்படிச் செய்யலாமா?"

"தெரியல."

தன் கையைப் பார்த்தார். முன்னால் இருந்த இலையைப் பார்த்தார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான் உட்கார்ந்தேன். புது இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். காத்திருந்தேன். பரிமாறுபவர் வாளியைக் கவிழ்த்துக் காட்டினார். காலி.

உத்வேகம் வந்திருக்கிறதா என்று எனக்குள் ஒரு தடவை தேடிப் பார்த்தேன். வரவில்லை. பசி இருந்தது. எரிச்சல் இருந்தது. மேசையில் பேனா கிடந்தது. தயிர் பட்டுப் பிசுபிசுத்தது. துடைத்தேன். இலையின் பச்சைமேல் அவள் வரியை முதலிலிருந்து எழுதினேன். "தவமணி ஓடிவந்து கம்பியைப் பிடித்து வலது காலைத் தூக்கி" என்பது வரை வந்து, ஒரு மூச்சு விட்டு, "படியில் வைத்தாள்" என்று எழுதினேன்.

டொப் என்று சத்தம் கேட்டது. கால் இறங்கியது. விசில் ஊதினார்கள். மண்டபம் ஒரு குலுக்குக் குலுங்கிக் கிளம்பியது.

ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாண்டு பின்னால் போனது. நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒரே பக்கமாக நிமிர்ந்தார்கள். யாரும் பிடியை விடவில்லை. மேடையில் பேச்சாளர் மடியிலிருந்த அரிசி கொட்டிவிட்டது.

காசிலிங்கம் தோல் பையோடு ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார்.

"படியில நிக்காதம்மா, உள்ள போ, உள்ள போ! எங்க போவணும்?"

தவமணி மேசையிலிருந்து இறங்கி என் பக்கத்து நாற்காலிக்காரரை இடித்து நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். வலது காலை நீட்டிக் கெண்டைக்காலை அமுக்கிவிட்டுக்கொண்டாள்.

"என்னைக் கேட்டா? இவளக் கேளு. இவதான் ஏத்திவிட்டா."

நான் உள்ளங்கையை விரித்தேன்.

"ரேஷன் கடை. ரெண்டு."

காசிலிங்கம் குனிந்து பார்த்தார். "இது யாரு?"

"எங்கப்பா."

"விரலுக்கு டிக்கெட் இல்ல. மடியில வெச்சுக்க." இரண்டு சீட்டைக் கிழித்தார். "ஆனா ரேஷன் கடைகிட்ட நிக்காதும்மா. இது நேராக் கிணறு வரைக்கும் போற வண்டி."

கட்டைவிரலை மடியில் வைத்துக்கொண்டேன். இன்னோர் இலை போடச் சொன்னேன். போட்டார்கள்.

"பேருந்து ரேஷன் கடை வாசலில்" என்று எழுதினேன்.

பேனா நின்றது.

காசிலிங்கம் விசிலை வாயருகே கொண்டுபோனபடி அப்படியே நின்றார். ஜன்னலுக்கு வெளியே, மூடப்போகும் கடையின் முன்னால், வரிசையில் கடைசி ஆளாக அப்பா ஒரு துணிப்பையை உதறியபடி நின்றார். பை காற்றில் விரிந்து நின்றது.

தவமணி என்னைப் பார்த்தாள். பிறகு வலது காலை மெதுவாகத் தூக்கினாள்.

"வேணாம்க்கா" என்றேன். "எழுதறேன்."